இலையின் கடைமடை

வரவேற்பறை மூலையில் நிற்கும் டிரசீனாவையும் பால்கனியில் குழாய் வரிசையில் வளரும் லெட்யூஸையும் ஒரே ஆய்வில் சேர்ப்பது முதலில் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஒன்று ஆப்பிரிக்க வெப்பக்காட்டு நிழலிலிருந்து வந்து, ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் அழகுச்செடி. மற்றொன்று ஆறேழு வாரத்தில் தட்டுக்கு வந்துவிடும் கீரை. ஆனால் இரண்டுக்கும் பொதுவாக ஒரு குறை உண்டு: இலையின் விளிம்பு பழுப்பேறிக் கருகுகிறது. வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே. அவர்களுக்குக் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றே. தண்ணீரைக் கவனியுங்கள், உரத்தைக் குறையுங்கள், காற்றில் ஈரப்பதத்தைக் கூட்டுங்கள். முதல் இரண்டும் இரு செடிகளுக்கும் பொருந்தும். மூன்றாவதோ ஒன்றுக்கு மருந்து. மற்றதற்கு, குறைந்தபட்சம் பகல் வேளையில், நோயை வளர்ப்பது.

டிரசீனாவின் நுனி சாவது வரக்கூடாதது வந்து குவிவதால். லெட்யூஸின் ஓரம் சாவது வரவேண்டியது வந்து சேராததால். முன்னதில் குவிவது ஃபுளோரைடு. பின்னதில் எட்டாமல் போவது கால்சியம். (டிரசீனா என்னும்போது, கண்ணாடிக் குவளையில் லக்கி பாம்பூ என்று விற்கப்படுவதையும் சேர்த்தே சொல்கிறேன். அதற்கும் மூங்கிலுக்கும் உறவு கிடையாது. அதுவும் ஒரு டிரசீனாதான். ஸ்பைடர் பிளாண்டும் கார்டிலைனும் இந்த விஷயத்தில் அதே பக்கம்.)

கருகல் எங்கே தொடங்குகிறது என்பதிலேயே வேறுபாடு தெரிந்துவிடுகிறது. டிரசீனாவில் அது முதிர்ந்த இலைகளில் தொடங்கும். நுனியில் சிறு பழுப்பு முக்கோணம். அதற்கும் பச்சைக்கும் நடுவில் ஒரு மஞ்சள் கோடு. மாதங்கள் போகப்போக அந்தக் கோடு இலையடியை நோக்கி இறங்கும். லெட்யூஸில் எல்லாம் தலைகீழ். வெளியிலைகள் ஒரு குறையும் இல்லாமல் பளபளக்க, நடுவில் சுருண்டிருக்கும் இளந்தளிர்களின் ஓரம் கருகியிருக்கும். டிரசீனாவின் கருகல் காய்ந்த காகிதம் போல நொறுங்கும். லெட்யூஸின் கருகல் ஈரமாகக் கறுத்து, விரைவில் அழுகலுக்கும் இடம் கொடுக்கும். முன்னதை அறைக்குள் நுழையும்போதே பார்த்துவிடலாம். பின்னதைப் பிரித்துப் பார்க்காமல் காண முடியாது. ஆகவே நுனி கருகிய எந்தச் செடியாக இருந்தாலும், அதனிடம் முதலில் கேட்கவேண்டியது இலையின் வயது. கிழ இலையா, தளிரா என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. டிரசீனாவுக்குக் கருகுவது கூர்நுனி. லெட்யூஸுக்கோ ஓரம் முழுவதும். டிரசீனா ஒருவித்திலைத் தாவரம். அதன் நரம்புகள் அடியிலிருந்து இணையாக ஓடி ஒரே முனையில் முடிகின்றன. லெட்யூஸின் நரம்புகள் வலைபோலப் பின்னி, விளிம்பெங்கும் சிறுசிறு முனைகளாக முடிகின்றன. அதாவது நாம் நுனி என்று சொல்வது இலையின் வடிவத்தைப் பற்றியதல்ல. நீர் ஏறிவரும் குழாய் எங்கே முடிகிறதோ அதுவே நுனி. காவிரிப் படுகையின் கடைமடையில் உழவருக்கு இரண்டு கவலைகள் உண்டு: வரவேண்டிய தண்ணீர் வந்து சேராது; நிலத்தில் உப்பு தங்கிவிடும். இலையின் கடைமடைக்கும் அதே இரண்டு கவலைகள்தான். ஒன்றை டிரசீனா அனுபவிக்கிறது, மற்றதை லெட்யூஸ்.

வேரிலிருந்து நீர் சைலம் வழியாக ஏறுகிறது. இலைத்துளைகளில் அது ஆவியாக ஆவியாக, அடியிலிருந்து மேலும் நீர் இழுபடுகிறது. இது பாடநூல் செய்தி. ஏறிய பொருள் திரும்பிவர முடியுமா என்பதுதான் இங்கே முக்கியம். நைட்ரஜன், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றும் ஃபுளோயம் வழியாக மீண்டும் புறப்பட்டு, பழைய இலையிலிருந்து தளிருக்குப் போய்விடும். ஃபுளோரைடுக்கு அந்தத் திரும்பும் வழி அநேகமாக இல்லை. கால்சியத்துக்கும் இல்லை. எந்த இலை எவ்வளவு நீரை ஆவியாக்குகிறதோ அந்த அளவுக்கு இரண்டும் அங்கே வந்து சேரும்; வந்த இடத்திலேயே தங்கிவிடும். ஒன்று நஞ்சு, மற்றொன்று சத்து. ஆனால் செடிக்குள் இரண்டும் பயணம் செய்யும் முறையில் இப்படியொரு ஒற்றுமை இருக்கும் என்று யாரும் எளிதில் எதிர்பார்க்கமாட்டார்கள்.

அந்த ஒரே விதி இரண்டு செடிகளிலும் எதிரெதிராக வேலை செய்கிறது. டிரசீனாவின் ஓர் இலை ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் அது நீரை ஆவியாக்குகிறது. நீர் போய்விட, அதிலிருந்த ஃபுளோரைடு நுனியில் தங்கிவிடுகிறது. நாளொன்றுக்குச் சேர்வது மிகச் சிறிது. ஆனால் வெளியேறும் வழி இல்லாததால் சிறிது சிறிதாக அளவு ஏறி, ஒருநாள் செல்கள் தாங்காத எல்லையைத் தொடுகிறது. லெட்யூஸிலோ அகன்ற வெளியிலைகள் தாராளமாக நீரை ஆவியாக்கி, கால்சியத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொள்கின்றன. நடுவில் பொதிந்த தளிர்களைச் சுற்றி எப்போதும் ஈரக்காற்று. அங்கே ஆவியாவது குறைவு, அதனால் வருவதும் குறைவு. வேகமாக வளர்வதோ அந்தத் தளிர்கள்தான். வெளியிலையில் கால்சியம் தேவைக்கு மேல் இருக்கும். உள்ளிலை பட்டினி கிடக்கும். ஒன்று மற்றதற்குக் கொடுக்க வழியில்லை. டிரசீனாவை வருத்துவது காலம். லெட்யூஸை வருத்துவது வேகம்.

செல்லுக்குள் நடப்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கால்சியம் செல்சுவர்களை ஒன்றோடொன்று பிணைக்கிறது. செல்சவ்வு கசியாமல் காக்கிறது. அது குறைந்தால் சுவர் தளர்ந்து செல் உடைகிறது. லெட்யூஸில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. தண்டை ஒடித்தால் வடியும் பாலை ஏந்திய நுண்குழாய்கள் வெடித்து, அந்தப் பால் சுற்றியுள்ள திசுவில் பரவி, ஓரத்தைக் கருக்குகிறது. அமெரிக்க ஆய்வாளர் டிபிட்ஸும் உடன் பணிபுரிந்தவர்களும் இதை 1965-இல் எழுதினார்கள். ஃபுளோரைடின் வேலை வேறு விதம்: மக்னீசியத்தை நம்பியிருக்கும் நொதிகளை முடக்குவது அதன் முக்கியச் செயல். ஆனால் ஃபுளோரைடுக்குக் கால்சியத்தின்மீதும் பெரும் பற்று உண்டு. கண்ட இடத்தில் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே மிகையால் சாகும் டிரசீனா நுனியிலும், கால்சியம் இருந்தும் பயன்படாத ஒரு சிறு பற்றாக்குறை ஒளிந்திருக்கக்கூடும்.

இதுவரை பார்த்தது பகல். இரவில் இலைத்துளைகள் மூடிக்கொள்ள, ஆவியாதல் அடங்குகிறது. ஆனால் வேர் ஓய்வதில்லை. உப்புகளை உள்ளே ஏற்றிக்கொண்டே இருப்பதால் நீரும் உள்ளே வந்து, வேரழுத்தம் உண்டாகி, நீர் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. அது வெளியேறுவது நரம்பு முனைகளில் உள்ள நீர்த்துளைகள் வழியாக. விடியற்காலையில் இலை விளிம்பில் வரிசையாக நிற்கும் துளிகளைப் பலர் பனி என்று நினைப்பார்கள். அவை செடிக்குள்ளிருந்து வந்தவை.

லெட்யூஸுக்கு இந்த இரவு மிகப் பெரிய உதவி. பகலில் நீரை இழுக்க முடியாத உள்ளிலைகளுக்கு, இரவின் அழுத்தம் கால்சியம் கலந்த நீரைத் தள்ளிக்கொடுக்கிறது. முட்டைகோஸின் உள்ளிலைகளுக்கும் கால்சியம் இந்த வழியில் கிடைப்பது ஆய்வுகளில் தெரிந்த செய்தி. எனவே லெட்யூஸுக்கு இரவில் ஈரக்காற்றும், உப்புக் குறைந்த வேர்நீரும் நல்லவை. டிரசீனாவுக்கோ அதே துளி அவ்வளவு நல்லதல்ல. நுனியில் நின்ற துளி காலைக் காற்றில் காய்ந்தால், அதிலிருந்த உப்பு அங்கேயே வெள்ளைப் படிவாகத் தங்கும். அடுத்த நாள் அதன்மேல் இன்னொரு படிவு. சத்தை ஏந்திப்போகும் அதே இரவு நீர், சத்தில்லாத உப்பையும் ஏந்திப்போகிறது; எதை நாம் வேரில் ஊற்றினோம் என்பதே கேள்வி. ஈரத்துணியால் டிரசீனா இலையைத் துடைப்பது தூசுக்காக மட்டுமல்ல என்பதை இந்த இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டு செடிகளுக்கும் நேர் எதிரான சிகிச்சை தேவைப்படும் இடம் காற்று. 1992-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கோட்டோவும் தக்காகுராவும் லெட்யூஸின் உள்ளிலைகளுக்கு நேராகக் காற்றைச் செலுத்திப் பார்த்தார்கள், ஓரக்கருகல் தடுக்கப்பட்டது. உரத்தை மாற்றவில்லை, கால்சியத்தைக் கூட்டவில்லை; தளிரைச் சுற்றித் தேங்கிய ஈரக்காற்றை விலக்கியதே போதுமானதாக இருந்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் வகுத்த லெட்யூஸ் சாகுபடி முறையில், செடிகளுக்கு மேலே கீழ்நோக்கி வீசும் மின்விசிறிகள் அத்தியாவசியக் கருவி. சிறிய மேசை விசிறி ஒன்றைத் தளிரின் தலைக்கு மேலிருந்து மெல்ல வீசவிடுவது வீட்டிலேயே செய்யக்கூடியது. கால்சியக் கரைசலைத் தெளிப்பதைவிட இது உறுதியான வழி என்பது என் மதிப்பீடு. தெளிப்பு வெளியிலையில் விழும். தேவைப்படும் உள்ளிலையை எட்டாது.

அதே விசிறியை டிரசீனாவின்மேல் திருப்பினால் நடப்பது வேறு. காற்று கூடினால் ஆவியாதல் கூடும். ஆவியாதல் கூடினால் நுனிக்கு வரும் ஃபுளோரைடும் கூடும். ஏ.சி. அறையின் வறண்ட காற்றும் இதையே செய்கிறது. இதில் ஒரு வேடிக்கை: அதே ஏ.சி. எந்திரம் காற்றிலிருந்து பிரித்தெடுத்துக் குழாய் வழியாகச் சொட்டவிடும் நீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. டிரசீனாவின் நுனியைக் காயவைக்கும் எந்திரமே அதற்கு ஏற்ற தண்ணீரையும் பக்கெட்டில் நிரப்பித் தருகிறது. அந்தப் பக்கெட்டை வீணாக்கக்கூடாது. செடியை ஏ.சி. காற்று நேரே படாத இடத்துக்கு நகர்த்துவதும், பிற செடிகளோடு கூட்டமாக வைப்பதும், கூழாங்கல் தட்டில் நீர் ஊற்றி அதன்மேல் தொட்டியை வைப்பதும் டிரசீனாவுக்கு ஓரளவு துணை. லெட்யூஸை அப்படிக் கூட்டமாக நெருக்கினால் கருகல் கூடவே வரும்.

தண்ணீர் விஷயத்தில் மனிதரும் டிரசீனாவும் ஒருவரோடொருவர் ஒத்துப்போவதில்லை. பல்லுக்கு நல்லது என்று குடிநீரில் ஃபுளோரைடைக் கலக்கும் வழக்கம் 1945-இல் அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் தொடங்கியது. கலந்த அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம். 2015-இல் அந்நாடு அதை 0.7 என்று குறைத்தது. மனிதருக்குத் தீங்கில்லை என்று கலக்கப்பட்ட அந்த 1 மில்லிகிராமே, நாளடைவில் டிரசீனாவின் நுனியைக் கருக்கப் போதுமானது. 1970களில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் அபோப்கா ஆய்வு மையத்தில் பூல், கோனோவர் என்ற இருவர் கார்டிலைன் முதலிய செடிகளை வைத்து இந்த நுனிக்கருகலை விரிவாக ஆராய்ந்தார்கள். அழகுச்செடி வணிகம் பெருகிய காலம் அது. விலைபோகாத நுனிகள் அங்கே பெரிய நஷ்டம்.

இங்கே குடிநீரில் யாரும் ஃபுளோரைடைக் கலப்பதில்லை; பாறையே கலந்து கொடுக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்குழாய்க் கிணறுகளில் அது மிகுந்திருப்பதும், அதனால் பற்களில் கறை படிவதும் தமிழர் நெடுங்காலமாக அறிந்தவை. 2013-இல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நோக்கமே அதைத் தவிர்ப்பதுதான். இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு நீர் இல்லாதபோது 1.5 வரை. குடிக்கக் காவிரித் தண்ணீரும் மற்றவற்றுக்கு ஆழ்குழாய்த் தண்ணீரும் புழங்கும் வீட்டில், செடிக்குப் போவது இயல்பாகவே இரண்டாவதுதான். அந்த வீட்டு டிரசீனா பழுப்பேறிய நுனியோடு நிற்பதில் வியப்பில்லை.

லெட்யூஸுக்கு இந்தத் தண்ணீரில் சம்பந்தமில்லை என்று நினைத்தால், கிணற்றடியில் இன்னொரு தொடர்பு காத்திருக்கிறது. கால்சியமும் ஃபுளோரைடும் ஒரே நீரில் இணக்கமாக இருக்கமாட்டா. இரண்டும் சேர்ந்தால் கால்சியம் ஃபுளோரைடாக மாறிப் படிந்துவிடும். ஒரு லிட்டர் நீரில் அது கரையும் அளவு ஏறத்தாழ 16 மில்லிகிராம்தான். எனவே ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீர் பெரும்பாலும் கால்சியம் குறைந்த, சோடியம் மிகுந்த நீராகவே இருக்கிறது. டிரசீனாவுக்கு மிகையைத் தரும் கிணறு லெட்யூஸுக்குக் குறையைத் தரும் கிணறாகவும் இருக்க நேர்கிறது. ஒரே வாளியில் இரண்டு எதிரெதிர் நோய்கள்.

வடிகட்டிய நீரில் கதை மாறுகிறது. ஆர்.ஓ. எந்திரம் ஃபுளோரைடின் பெரும்பகுதியை நீக்கிவிடும். கால்சியத்தையும் உடன் நீக்கிவிடும். டிரசீனாவுக்கு அது நிறைவான நீர். லெட்யூஸுக்கோ உரக்கரைசலில் கால்சியத்தைத் திருப்பிச் சேர்த்தால் மட்டுமே பயன்படும் வெறும் நீர். மழைநீரும் இதே கணக்கில் வரும். ஐப்பசி, கார்த்திகையில் மொட்டைமாடியில் பிடித்த நீரை டிரசீனாவுக்கு அப்படியே ஊற்றலாம். ஆனால் சிக்கனம் கருதி நம் வீடுகளில் நடப்பது வேறு: ஆர்.ஓ. ஒதுக்கித் தள்ளும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றுகிறோம். உள்ளே போன நீரில் பாதி நல்ல நீராகப் பிரிந்தால், மீதிப் பாதியில் உப்பு ஏறத்தாழ இரட்டிப்பாக இருக்கும். தரை துடைக்க அந்த நீர் சரி, டிரசீனாவுக்கு வேண்டாம்.

இரண்டு செடிகளைச் சுற்றியும் ஒவ்வொரு வீட்டு வைத்தியம் உலவுகிறது. இரண்டும் உரிய நோயைத் தொடுவதில்லை. டிரசீனாவுக்குச் சொல்லப்படுவது, குழாய்நீரை ஓரிரவு திறந்துவைத்துப் பிறகு ஊற்றுவது. குளோரின் அதில் வெளியேறும்; ஃபுளோரைடு வெளியேறாது. கொதிக்கவைத்தால் நீர் குறைந்து, ஃபுளோரைடின் செறிவு கூடும். லெட்யூஸுக்குச் சொல்லப்படுவது முட்டை ஓடு. ஓட்டில் கால்சியம் உண்டு என்பது உண்மை. ஆனால் அது மிக மெதுவாகவே கரையும். மேலும் லெட்யூஸுக்குப் பற்றாக்குறை வேரில் அல்ல, உள்ளிலையில். வேரடியில் கால்சியம் நிறைந்திருந்தாலும் தளிர் பட்டினி கிடக்கலாம் என்பதே இந்த நோயின் தன்மை. மாடித்தோட்டத் தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதும் இதே கால்சியம் எட்டாத கதைதான். அதற்கும் முட்டை ஓட்டையே பரிந்துரைப்பார்கள்.

வியப்பு என்னவென்றால், அந்த முட்டை ஓடு போகவேண்டிய இடம் பக்கத்துத் தொட்டி. டிரசீனாவின் மண் அமிலத்தன்மை மிகுந்திருந்தால் ஃபுளோரைடு எளிதாகக் கரைந்து வேருக்குக் கிடைக்கும். பி.எச். 6-க்குக் கீழே இறங்காமல் 6.5-ஐ ஒட்டி இருக்கும்படி சுண்ணாம்பு சேர்த்தால், ஃபுளோரைடு கரையாத வடிவில் மண்ணிலேயே கட்டுப்படும். நர்சரிகள் இதற்கு டோலமைட் அல்லது சுண்ணாம்புத் தூள் கலக்கின்றன. முட்டை ஓடும் வேதியியலில் அதே கால்சியம் கார்பனேட்தான். நன்றாகப் பொடித்தால் மெதுவாகவேனும் அதே திசையில் உதவும். மிகையால் வந்த நோய்க்கும் குறையால் வந்த நோய்க்கும் ஒரே தனிமம் மருந்து. லெட்யூஸில் அது இலைக்குள் போய் வேலை செய்யவேண்டும். டிரசீனாவில் இலைக்குப் போகாமல் மண்ணிலேயே நின்று வேலை செய்யவேண்டும்.

கால்சியத்தின் இந்தப் பிடித்துக்கொள்ளும் குணமே லெட்யூஸ் வளர்ப்பவருக்குத் தொல்லையும் கொடுக்கிறது. ஹைட்ரோபோனிக்ஸ் உரம் ஏ, பி என்று இரண்டு புட்டிகளில் வருவதன் காரணம் இதுதான். செறிந்த நிலையில் கால்சியம், பாஸ்பேட்டோடும் சல்பேட்டோடும் சேர்ந்து அடியில் படிந்துவிடும். முதலில் நீரில் ஒன்றை முழுதாகக் கரைத்து, பிறகே மற்றதை ஊற்றவேண்டும். இரண்டு புட்டிகளையும் நேராகக் கலப்பவர், கால்சியம் வாங்கிய பணத்தை வண்டலாகக் கொட்டுகிறார்.

உரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனெனில் இங்கே இருவரும் ஒருமனம். மிகை உரம் டிரசீனாவின் நுனியில் உப்பாகச் சேர்கிறது. லெட்யூஸில் வேர் நீரை இழுப்பதைத் தடுத்து, கால்சியத்தைக் குறைக்கிறது. அம்மோனியம் மிகுந்த உரம் வேரிலேயே கால்சியத்தோடு போட்டியிடும் என்பது லெட்யூஸுக்கு மட்டும் கூடுதல் எச்சரிக்கை. சூப்பர் பாஸ்பேட்டைத் தனியே குறிப்பிடவேண்டும். பாறைப் பாஸ்பேட்டில் இயல்பாகவே ஃபுளோரின் உண்டு. அதிலிருந்து செய்த உரம் அதில் ஒரு பகுதியை ஏந்தி வருகிறது. அதே மூட்டையில் ஜிப்சமாகக் கால்சியமும் இருக்கிறது. இருந்தும் டிரசீனா தொட்டிக்கு அது ஆகாது. மண்ணைப் பொலபொலப்பாக்கச் சேர்க்கும் பெர்லைட்டிலிருந்தும் சிறிது ஃபுளோரைடு கசியலாம்.

கோகோபீட்டைச் சற்று நின்று பார்க்கவேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து உலகெங்கும் போகும் இந்தத் தேங்காய் நார்த்தூள், கழுவப்படாத நிலையில் பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் நிறைந்தது. டிரசீனாவை அதில் நேராக நட்டால் நுனி உப்பால் கருகும். லெட்யூஸ் நாற்றை அதில் வைத்தால் வேறொன்று நடக்கும்: தூள் தன்னிடமுள்ள பொட்டாசியத்தையும் சோடியத்தையும் விட்டுவிட்டு, கரைசலிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரே பொருள், ஒரு செடிக்கு வேண்டாததைக் கொடுக்கிறது, மற்றதிடமிருந்து வேண்டியதைப் பறிக்கிறது. நல்ல நீரில் பலமுறை அலசுவது முதல் சிக்கலைத் தீர்க்கும். இரண்டாவதற்கு, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து அலசிய கோகோபீட்டையே வாங்கவேண்டும்.

ஒளியிலும் இருவரும் ஒருமனம்தான், காரணம் மட்டும் வேறு. கடும் வெயில் டிரசீனாவின் ஆவியாதலைக் கூட்டி நஞ்சை விரைவாக ஏற்றுகிறது. லெட்யூஸின் வளர்ச்சியைக் கூட்டி, கால்சியம் வந்து சேரும் வேகத்தை மிஞ்சவைக்கிறது. கார்னெல் முறையில், விசிறி இருக்கும்போதும் நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 17 மோல் ஒளிக்கு மேல் கொடுப்பதில்லை. சித்திரை வெயிலில் பால்கனிக்கு நிழல்வலை கட்டினால் இரண்டு செடிகளும் பயன்பெறும். இந்த ஒப்பாய்வில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே செலவில் முடியும் வேலை அது ஒன்றே.

ஃபுளோரைடு எல்லாச் செடிகளுக்கும் எதிரி என்று முடிவு கட்டிவிடக்கூடாது. நீலகிரித் தேயிலை தன் முதிர்ந்த இலைகளில் டிரசீனா கனவிலும் தாங்காத அளவு ஃபுளோரைடைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒரு நுனியும் கருகாமல் நிற்கிறது. அலுமினியத்தோடு பிணைத்து அதை அடக்கிவிடும் திறன் அதற்கு உண்டு. மறுபுறம் கிளாடியோலஸ், காற்றிலுள்ள ஹைட்ரஜன் ஃபுளோரைடுக்கே நுனி கருகும். அலுமினிய ஆலைகளையும் பாஸ்பேட் உர ஆலைகளையும் சுற்றி அதை நட்டு, கருகிய நீளத்தை அளந்து மாசைக் கணித்திருக்கிறார்கள். தோட்டக்காரருக்குக் குறையாகப்படும் அந்தப் பழுப்பு முக்கோணம், அங்கே அளவுகோல்.

கருகிய பிறகு என்ன செய்வது? செத்த திசு இரண்டிலும் பச்சைக்குத் திரும்பாது. டிரசீனாவில், தொட்டியின் கொள்ளளவைப்போல இருமடங்கு உப்பில்லா நீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியாக முழுதும் வடியவிட்டால் சேர்ந்த உப்பு கழியும். தட்டில் வடிந்த நீரைத் தேங்கவிடாமல் கொட்டிவிடவேண்டும், இல்லையென்றால் அது மீண்டும் மேலேறும். லக்கி பாம்பூவுக்குக் குவளையில் குறைந்த நீரை மேலும் மேலும் நிரப்புவதற்குப் பதிலாக, பழையதை முழுதும் கொட்டிப் புதிது ஊற்றுவதே அதற்கு ஈடான செயல். நுனியை வெட்டுவதானால் இலையின் இயல்பான வடிவத்தில் சாய்வாக, பழுப்பில் நூலளவு விட்டு வெட்டவேண்டும். பச்சையில் கத்தரி பட்டால் அந்த வெட்டு புதிதாகக் காயும். லெட்யூஸில் கத்தரிக்கவும் நேரமில்லை, கழுவிவிடவும் நேரமில்லை. அறுவடைக்கு முந்தைய கடைசி வாரங்களில், தலை மூடத் தொடங்கும்போதுதான் கருகல் பெரும்பாலும் வருகிறது. ஆகவே உருண்டையாக மூடும் வகைக்குப் பதிலாக இலைகள் விரிந்து நிற்கும் வகையை நடுவதும், தலை இறுகுவதற்கு ஒரு வாரம் முன்பே பறித்துவிடுவதும்தான் வழி. கருகிய ஓரத்தைக் கிள்ளிவிட்டு மீதியைத் தாராளமாகச் சாப்பிடலாம்.